மிச்சிகனிலிருந்து அரிசோனாவுக்கு: வில் வேட்டையில் எதையெல்லாம் மாற்றணும்?

#1 ஓக்நிழல்

வணக்கம். ஜூன் முதல் வாரத்தில் மிச்சிகனிலிருந்து டூசானுக்குக் குடிபெயர்கிறேன். இதுவரை பழகியது ஒரே முறைதான்: சோளக்காட்டு ஓரம், மரத்தில் கட்டிய ஸ்டாண்டு (உட்காரும் பரண்), 20 யார்டில் வெண்வால் மான். 60 பவுண்டு இழுவையுள்ள காம்பவுண்ட் (நுனிகளில் சக்கரம் வைத்த) வில், 420 கிரெய்ன் எடையுள்ள அம்பு. ஒரு மர லாங்போவும் (சக்கரமில்லாத நீள வில்) இருக்கிறது.

மாநிலவாசி உரிமம் எப்போது கிடைக்கும்? முதல் வருடமே வேட்டைக்குப் போக வழியுண்டா? ஸ்டாண்டு, டிரெயில் கேமரா (விலங்கு வந்தால் தானாகப் படமெடுப்பது), பிளைண்ட் (மறைந்து உட்காரும் துணிக் கூடாரம்), மானை இழுக்கும் வாசனை மருந்து இவற்றில் எதை எடுத்துவருவது, எதை விற்பது? அந்த வெயிலில் இறைச்சியை எப்படிக் காப்பாற்றுவது? விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

#2 யூனிட்33

முதலில் சட்டம். மத்திய மேற்கிலிருந்து வருபவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இதில்தான்.

அரிசோனாவை நிரந்தர வீடாகக் கொண்டு, உரிமத்துக்கு விண்ணப்பிக்கும் நாளுக்கு முன் தொடர்ந்து 6 மாதம் இருந்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் வேறு மாநிலத்தில் மாநிலவாசிச் சலுகை எதையும் வாங்கக் கூடாது. மிச்சிகன் மாநிலவாசி மான் உரிமத்தை நவம்பரில் ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் இங்கே கணக்கு கெட்டுப்போகும். ஜூன் 5-ல் வந்தால் டிசம்பர் 5-க்குப் பிறகு நீங்கள் மாநிலவாசி. உரிமம் வாங்கிய நாளிலிருந்து 365 நாள் செல்லும்.

இந்தத் தேதி உங்களுக்கு நல்ல பொருத்தம். வில்லுக்கான மான் டேக்கை (ஒரு மானுக்கான அனுமதிச் சீட்டு) பல யூனிட்டுகளுக்கு (மாநிலம் பிரித்திருக்கும் வேட்டைப் பகுதிகள்) குலுக்கல் இல்லாமலே வாங்கலாம். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி 31 வரை பருவம், அதுதான் இங்கே மான்களின் இணைசேரும் காலமும். ஆனால் டேக் காலண்டர் வருடத்துக்கு உரியது, ஒரு வருடத்துக்கு ஒரு மான். டிசம்பர் கடைசியில் எய்துவிட்டால் ஜனவரி 1-க்குப் புது டேக் வாங்க வேண்டும். ஒவ்வொரு யூனிட்டிலும் எத்தனை மான் எய்யலாம் என்று ஒரு வரம்பு உண்டு. அது நிறைந்ததும் அடுத்து வரும் புதன்கிழமை சூரியன் மறைவோடு அந்த யூனிட் மூடப்படும். அதனால் மான் விழுந்த 48 மணி நேரத்துக்குள் வேட்டைத் துறைக்குத் தகவல் சொல்வது கட்டாயம். கிளம்புவதற்கு முந்தைய நாள் யூனிட் திறந்திருக்கிறதா என்று துறையின் தளத்தில் பாருங்கள்.

விற்க வேண்டியவை: டிரெயில் கேமரா. 2022 ஜனவரி 1 முதல் வேட்டைக்கு உதவியாக அதைப் பயன்படுத்துவது தடை. சோளம், ஆப்பிள் என்று தின்னும் பொருள் எதையும் போட்டுப் பெருவிலங்கை இழுப்பதும் தடை. மான் சிறுநீர் கலந்த வாசனை மருந்தும் கூடாது, பாட்டிலை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். வில்லுக்கான பருவத்தில் குறுக்குவில்லுக்கு இடமில்லை, உடல் குறைபாட்டுக்கான தனி அனுமதி இருந்தாலொழிய. உங்கள் வில்லைப் பற்றிக் கவலையில்லை: மானுக்குக் குறைந்தபட்சம் 30 பவுண்டு இழுவை, பிராட்ஹெட் (வேட்டை அம்பின் வெட்டு முனை) குறைந்தது 7/8 அங்குல அகலம், உலோக வெட்டு முனை.

இன்னொன்று. ஃப்ரீசரில் மிச்சிகன் மான் இறைச்சி இருந்தால் எலும்பு நீக்கியோ, வெட்டிப் பொட்டலம் கட்டியோதான் மாநிலத்துக்குள் கொண்டுவரலாம். கொம்பு இருக்கும் மண்டையோட்டில் சதையோ மூளையோ ஒட்டியிருக்கக் கூடாது. சிடபிள்யூடி என்ற மான் நலிவு நோய் பரவாமல் தடுக்கத்தான் இந்த விதி. தயவுசெய்து இதை அலட்சியப்படுத்தாதீர்கள்.

#3 சரிவுக்காவல்

ஸ்டாண்டையும் வித்துடுங்க. அதுல வர்ற காசோட இன்னும் கொஞ்சம் போட்டு 15x56 பைனாகுலரும் நல்ல டிரைபாடும் வாங்குங்க. பாலைவனத்துல வேட்டையாடுறது கண்ணு. கால் அப்புறம்தான்.

டூசானைச் சுத்தி உங்களுக்குக் கிடைக்கிறது கூஸ் மான். அதுவும் வெண்வால் இனம்தான், ஆனா வளர்ந்த கிடாவே 45 கிலோ பக்கம்தான் நிக்கும். சாம்பல் நிறம், சாம்பல் பாறை, சாம்பல் புல்லு. நடந்து தேடினா நீங்க பாக்குறதுக்கு முன்னாடி அது உங்களைப் பாத்துடும்.

செய்ய வேண்டியது இது. விடியறதுக்கு அரைமணி முன்னாடியே எதிர்ச்சரிவு தெரியுற மேட்டுல உக்காந்திருக்கணும். சூரியன் முதுகுப்பக்கம் இருக்கட்டும். டிரைபாடைத் தாழ்த்தி, அடியில ஒரு மெத்தைத் துண்டு போட்டு உக்காருங்க. சரிவை மனசுக்குள்ள பட்டைபட்டையாப் பிரிச்சு, இடமிருந்து வலம், ஒரு பட்டை முடிஞ்சதும் கீழ்ப் பட்டை. ஒவ்வொரு பார்வைப் பரப்பையும் அசையாம பத்து விநாடி பாருங்க. முழு மானைத் தேடாதீங்க. காது அசையும், முதுகோட படுக்கைக் கோடு தெரியும், வால் ஓரம் வெள்ளையா மின்னும். ஜனவரி காலையில வெயில் விழுற தெற்குச் சரிவுல மேயும். பத்து பதினோரு மணிக்கு நிழல் நகரும்போது எழுந்து இடம் மாத்திப் படுக்கும். எல்லாரும் சாப்பிடப் போற அந்த நேரம்தான் பாதி மான் கண்ணுல படுற நேரம்.

படுத்த இடம் தெரிஞ்சதும் உடனே ஓடாதீங்க. பைனாகுலர் வழியா போன்ல ஒரு படம் எடுங்க. மான் இருக்கிற புதரை மட்டும் பாக்காம, அதுக்கு மேல, கீழ, ரெண்டு பக்கமும் ஒரு அடையாளம் வச்சுக்கோங்க. அந்தப் பக்கம் போய் நின்னா சரிவோட முகமே வேற மாதிரி இருக்கும், எல்லாக் கள்ளியும் ஒண்ணு போலத் தெரியும். புதுசா வர்றவங்க தோக்குறது இந்த இடத்துலதான்.

#4 ஓக்நிழல்

தெளிவாகப் புரிந்தது, நன்றி. தண்ணீர் உள்ள இடத்தில் பிளைண்ட் போட்டு உட்கார்வது பற்றியும் நிறையக் கேள்விப்படுகிறேன். பாலைவனத்தில் தண்ணீருக்கு வந்துதானே ஆக வேண்டும்?

#5 டாங்க்கரை

ஆமாம், ஆனால் எப்போது என்பதுதான் கேள்வி. கோடைக் கடைசியில் தொடங்கும் பருவத்துக்குத் தண்ணீர்க்கரைதான் சிறந்த முறை என்று உறுதியாகச் சொல்வேன். அதிலும் மியூல் மான் (இங்குள்ள இன்னொரு மான் இனம், கூஸ் மானைவிடப் பெரியது) தாழ்ந்த பாலைவனத்தில் மாட்டுத் தொட்டிக்கும் மண் டாங்குக்கும் (மாட்டுக்காக வெட்டிய குட்டை) கட்டாயம் வரும்.

பிடிக்காத விஷயம் மழை. பருவமழைக் காலம் ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை. ஆகஸ்டில் நல்ல இடிமழை ஒன்று பெய்துவிட்டால் பாறைக்குழி ஒவ்வொன்றிலும் தண்ணீர் நிற்கும், உங்கள் டாங்குக்கு மான் வர வேண்டிய அவசியமே இல்லை. அதனால் ஒரே இடத்தை நம்பாமல், பத்து மைல் வட்டத்துக்குள் ஏழெட்டுத் தண்ணீர் இடங்களை வரைபடத்தில் குறித்து, ஜூன் மாதம் எல்லாம் வறண்டு கிடக்கும்போதே நேரில் பார்த்துவிடுங்கள். அப்போதும் தண்ணீர் நிற்பவைதான் நம்பகமானவை. கரை ஈரத்தில் குளம்படி பழையதா புதியதா என்பதைக் கேமராவுக்குப் பதில் கண்ணால் படிக்க வேண்டும்: மாலையில் ஒரு கிளையால் கரையைப் பெருக்கிச் சமன்படுத்தி, மறுநாள் வந்து பாருங்கள்.

பிளைண்ட் உள்ளே பகலில் வெயில் தாங்காது. மேல் துணியை வெளிர் நிறத்தில் மறையுங்கள், பின் ஜன்னலை மூடி உள்ளே கருமையாக வைத்திருங்கள். குறைந்தது ஒரு வாரம் முன்பே நிறுத்திப் பழக விடுங்கள். காற்று பிடுங்கிக்கொண்டு போகும், சாதாரண ஆணி பாறைநிலத்தில் இறங்காது. கனத்த இரும்பு முளையும் நாலு மூலைக்கும் கயிறும் வேண்டும். மெஸ்கீட் கிளையால் மறைக்கலாம், அதுவும் காய்ந்து விழுந்த கிளையாக இருக்கட்டும். மெஸ்கீட் நம்மூர்ச் சீமைக்கருவேலத்தின் சொந்த இனம், முள் பற்றிச் சொல்லத் தேவையில்லை. சவாரோ, அயர்ன்வுட் போன்றவை மாநிலத்தின் தாவரச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டவை. அம்பு போக வழி வேண்டும் என்று அவற்றை வெட்டவே கூடாது.

#6 சரிவுக்காவல்

டாங்க்கரை சொல்றது ஆகஸ்டுக்குச் சரி. இவர் மாநிலவாசி ஆகுறதே டிசம்பர்ல. ஜனவரியில குளிர், புல்லுல பனி, மான் தண்ணியை நம்பி இல்லை, கிடா பெட்டையைத் தேடி அலையுது. அப்பத் தண்ணிக்கரையில உக்காந்தா காடையும் மாடும்தான் வரும். பிளைண்டை எடுத்துட்டு வாங்க, ஆனா முதல் ஜனவரிக்கு அதை வீட்லயே வைங்க.

காத்து பத்தி ஒண்ணு. வெயில் ஏறினதும் காத்து சரிவுல மேல போகும், சாயங்காலம் குளிர்ந்து ஓடை வழியா கீழ இறங்கும். நடுவுல, காலை எட்டரையிலேர்ந்து பத்து வரைக்கும் ரெண்டும் இல்லாம சுத்திச் சுத்தி அடிக்கும். அந்த நேரத்துல கிட்டப் போனா வீண். காத்து நிலைச்சு மேல அடிக்க ஆரம்பிச்சப்புறம், மானுக்கு மேலேருந்தோ பக்கவாட்டுலேருந்தோ இறங்குங்க. கடைசி 80 யார்டுக்கு ஒரு மணி நேரம் ஆனாலும் ஆகட்டும். பூட்ஸைக் கழட்டிச் சாக்ஸோட போற பழக்கம் இங்க நடக்காது, அடியில தடிமனான ஃபெல்ட் வச்ச உறையை பூட்ஸ் மேலயே மாட்டிக்கோங்க. கிட்டப் போனதும் கல்லெறிஞ்சு எழுப்பாதீங்க, தானா எழுந்திருக்கிற வரைக்கும் காத்திருங்க.

#7 நாண்முறுக்கு

வில் விஷயத்துக்கு வருகிறேன். மிச்சிகனிலிருந்து கிளம்பும் முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: அச்சிலிருந்து அச்சுக்கு நீளம், நாணுக்கும் பிடிக்கும் உள்ள இடைவெளி, பீப் (குறிபார்க்க நாணில் உள்ள துளை) உயரம், உச்ச இழுவை எடை. கேமில் (வில் நுனிச் சக்கரம்) நேரக் குறிகள் எங்கே நிற்கின்றன என்று வெள்ளைப் பேனாவால் கோடு போடுங்கள். வந்து இரண்டு வாரம் கழித்து மறுபடி அளந்தால் எது மாறியது என்று ஊகிக்கத் தேவையில்லை.

வில்லைச் சாமான் லாரியில் போடாதீர்கள். ஜூனில் அந்தப் பெட்டிக்குள்ளும், பூட்டிய காருக்குள்ளும் சூடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். நாண் நீண்டுபோகும், பீப் திரும்பும், மெழுகு உருகும். லிம்பின் (வில்லின் வளையும் கை) அடுக்குகள் பிரிந்தால் வில் கையிலேயே வெடிக்கும். பயணம் முழுக்க ஏசி ஓடும் காருக்குள் உங்களோடு வரட்டும். இங்கே வந்த பிறகும் வேலைக்குப் போகும்போது காரில் விட்டுப் போகும் பழக்கம் வேண்டாம். சந்தேகம் வந்தால் பஞ்சு உருண்டையை லிம்ப் முழுக்கத் தேய்த்துப் பாருங்கள். பஞ்சு சிக்கும் இடத்தில் பிளவு இருக்கிறது, இழுக்காமல் கடைக்கு எடுத்துப் போங்கள்.

அம்பில் முதலில் போவது பசை. ஹாட்மெல்ட் (சூட்டில் உருகும் பசை) வைத்து ஒட்டிய இன்சர்ட் (முனையைத் திருகும் உள்துண்டு) சூட்டில் இளகி, இலக்குப் பலகையிலிருந்து அம்பை இழுக்கும்போது முனை உள்ளேயே நின்றுவிடும். எல்லாவற்றையும் கழற்றி, உட்புறத்தை ஆல்கஹாலால் துடைத்து, 24 மணி நேரம் இறுகும் எபாக்ஸியால் ஒட்டுங்கள். தூசு அடுத்த எதிரி. அச்சிலும் ரெஸ்டிலும் (அம்பைத் தாங்கும் பகுதி) எண்ணெய் விட்டால் மணல் ஒட்டி அரைக்கும், உலர் மசகு மட்டும் போடுங்கள்.

லாங்போ தனிக்கதை. ஈரப்பதம் மிகக் குறைந்த காற்றில் மரம் தன் ஈரத்தை இழந்து நொறுங்கும் தன்மைக்கு வரும். வந்த உடனே முழு இழுவை வேண்டாம். வீட்டுக்குள், வெயில் படாத சுவரில் கிடையாக வைத்து சில வாரம் பழக விடுங்கள். பிறகு இழுவை எடையை அளங்கள். ஏறியிருந்தால் மரம் காய்ந்திருக்கிறது என்று அர்த்தம், மெல்ல மெல்லத்தான் முழு நீளத்துக்கு வர வேண்டும். மேல்பூச்சில் கீறல் இருந்தால் அதை முதலில் அடையுங்கள்.

#8 ஓக்நிழல்

அம்பின் எடையை மாற்ற வேண்டுமா? இங்கே 20 யார்டு, அங்கே எல்லோரும் 60, 70 என்று பேசுகிறார்கள்.

#9 நாண்முறுக்கு

இலக்குப் பலகையில் 70 எய்யுங்கள், கூஸ் மானை 35-க்குள் எய்யுங்கள். நாண் ஒலிக்கு இவ்வளவு வேகமாகக் குனிந்து துள்ளும் மான் குறைவு. அம்பு போய்ச் சேரும் நேரத்தில் உடல் ஒரு சாண் கீழே இறங்கிவிடும். அதனால் வேகத்தைவிட அமைதி முக்கியம்: 450 முதல் 475 கிரெய்ன் வரை ஏற்றினால் வில்லின் சத்தம் குறையும். மதியத்துக்கு மேல் குறுக்குக் காற்று வலுக்கும், மெல்லிய தண்டும் தாழ்ந்த வேனும் (அம்பின் வால் இறகு) அதற்கு உதவும். பிராட்ஹெட்டில் நான் நிலையான முனையின் பக்கம். புல்லும் முள்கிளையும் உரசும் இடத்தில் விரியும் முனை முன்கூட்டியே திறந்துகொள்ள வாய்ப்பு உண்டு.

தூரக் கணிப்பைக் கண்ணிடம் விடாதீர்கள். மிச்சிகன் மானின் உருவத்துக்குப் பழகிய கண்ணுக்கு இந்தச் சின்ன மான் எப்போதும் இன்னும் தூரத்தில் நிற்பதாகத் தெரியும், அம்பு முதுகுக்கு மேலே போகும். கோணத்தைக் கணக்கிடும் ரேஞ்ச்ஃபைண்டர் (தூரமளக்கும் கருவி) கட்டாயம். 30 டிகிரி சரிவில் 40 யார்டு காட்டினால் எய்ய வேண்டியது ஏறக்குறைய 35.

சைட்டின் (வில்லில் குறிபார்க்கும் கருவி) மூன்றாம் அச்சைச் சரிபார்த்தீர்களா? சமதரையில் அதன் மட்டக் குமிழி நடுவில் நின்றாலும், சரிவில் குனிந்து குறிவைக்கும்போது அது பொய் சொல்லும், அம்பு பக்கவாட்டில் விலகும். கதவு நிலையில் தூக்குநூல் கட்டி, வில்லை அதனோடு ஒட்டி நேராகப் பிடித்து, அப்படியே கீழ்நோக்கிச் சாயுங்கள். குமிழி நகர்ந்தால் மூன்றாம் அச்சுத் திருகை நகர்த்துங்கள். மேல்நோக்கியும் இதையே செய்து பாருங்கள்.

#10 செவிலி_கிளெண்டேல்

யாரும் உடம்பைப் பற்றிப் பேசவில்லையே.

ஜூனில் வந்த கையோடு மலை ஏறாதீர்கள். உடல் வெயிலுக்குப் பழக ஒன்று இரண்டு வாரம் ஆகும். வெயில் நாளில் மணிக்கு முக்கால் லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை, சிறிது சிறிதாக. மணிக்கு ஒன்றரை லிட்டரை எட்ட விடாதீர்கள், வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் உப்பு இறங்கும். உப்புக் கலவை கூடவே இருக்கட்டும். கூட வந்தவர் பேச்சு குழறினால், திசை தெரியாமல் நடந்தால் அது களைப்பு இல்லை, வெப்பத்தாக்கு: உடனே நிழல், உடல் முழுக்கத் தண்ணீர், விசிறல், 911.

கள்ளியில் சோய்யா வகைதான் மோசம். உரசினாலே ஒரு கண்டம் கழன்று ஒட்டிக்கொள்ளும், கையால் பிடுங்கினால் கையில் மாறும். அகலப் பல் சீப்பு ஒன்றை முள்ளுக்கும் தோலுக்கும் நடுவில் விட்டு வெளியே தெறிக்க விடுங்கள், மீதியை இடுக்கியால். சப்பாத்திக்கள்ளியின் பொடிமுள்ளுக்கு ஒட்டுநாடா உதவும். தவழும் இடத்துக்கு முழங்கால் உறையும் தோல் கையுறையும் வேண்டும்.

கோடைப் பருவத்தில் ராட்டில் பாம்பு நடமாடும். கை வைக்கும் இடத்தைப் பார்க்காமல் பாறை ஏறக் கூடாது. கடித்தால் மோதிரத்தையும் கடிகாரத்தையும் கழற்றி, அசையாமல், மருத்துவமனைக்கு. கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது எதுவும் வேண்டாம்.

கடைசியாக வேலி ஃபீவர். இங்குள்ள மண்ணில் வாழும் பூஞ்சை, தூசோடு நுரையீரலுக்குப் போகும். ஒன்று முதல் மூன்று வாரத்தில் காய்ச்சல், இருமல், விடாத அசதி. சாதாரண நிமோனியா என்று மருந்து கொடுத்துக் குணமாகாவிட்டால் அந்தப் பரிசோதனையை நீங்களே கேளுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது தீவிரமாகலாம். நாய்க்கும் வரும்.

#11 ஐஸ்பெட்டி

இறைச்சி. மிச்சிகன் நவம்பரில் மாலை எய்து, காலை வரை விட்டு, மறுநாள் தேடுவது வழக்கம். ஆகஸ்டு அரிசோனாவில் அப்படி விட்டால் காலையில் கெட்ட இறைச்சியோ, கொயோட்டி தின்ற மிச்சமோதான் இருக்கும். நுரையீரலில் பட்ட அம்பென்றால் அரைமணியில் தடம் பிடியுங்கள். வறண்ட மண் ரத்தத்தைக் குடித்துவிடும், சீக்கிரமே பழுப்பாகும். மண்ணைப் பார்க்காமல் பாறை முகம், புல் தண்டு, கள்ளி மட்டை இவற்றில் தேடுங்கள்.

கிடைத்ததும் நிழலுக்கு இழுங்கள். வயிற்றைத் திறக்காமல், ஒரு பக்கத் தோலை உரித்து முன்கால், பின்கால், முதுகுச்சதை, கழுத்து, திருப்பிப்போட்டு மறுபக்கம். கடைசியில் விலாவுக்குப் பின்னால் சிறு கீறலிட்டு உள்முதுகுச் சதை. வெயில் நாளில் ஒரு மணி நேரத்துக்குள் தோல் போயிருக்க வேண்டும். கெடுவது வெளியே தொடங்காது, தொடை எலும்பைச் சுற்றித்தான் தொடங்கும், ஏனென்றால் சூடு அங்கேதான் தங்குகிறது. பின்தொடையை எலும்போடு தூக்கி வராதீர்கள், அங்கேயே பிரித்துவிடுங்கள். எய்தது கிடாதான் என்று காட்டும் அடையாளத்தை இறைச்சியில் எப்படி விட்டுவைப்பது என்று அந்த வருட விதிப் புத்தகத்தைப் பார்த்துச் செய்யுங்கள். துணிப் பையில் போட்டு நிழலில் காற்றாட விடுங்கள், பிளாஸ்டிக் பை கூடாது.

வண்டியில் பெரிய பெட்டி. முந்தின இரவே ஐஸ் போட்டுப் பெட்டியைக் குளிரவைத்து, காலையில் அதை மாற்றுங்கள். உதிரி ஐஸைவிட உறைந்த நாலு லிட்டர் தண்ணீர்க் கேன்கள் மேல், இறைச்சி தண்ணீரில் ஊறாது, உருகினால் குடிக்கலாம். உள்ளே 4 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போக வேண்டும், ஒரு வெப்பமானியை உள்ளே போடுங்கள். கூஸ் மானின் எலும்பில்லா இறைச்சி ஒரே ஆள் ஒரே நடையில் தூக்கும் அளவுதான். மியூல் கிடா என்றால் இரண்டு நடை, அந்த நேரத்தையும் வெயில் கணக்கில் சேருங்கள்.

#12 யூனிட்33

இரண்டு சேர்க்கை. தண்ணீர் இருக்கும் குளம் அல்லது தொட்டியிலிருந்து கால் மைலுக்குள், விலங்குக்கு வேறு தண்ணீர் இல்லாத இடத்தில், கூடாரம் அடிப்பது குற்றம். மழைக்காலத்தில் வறண்ட ஓடைப் படுகையிலும் தங்காதீர்கள், மழை இருபது மைல் தள்ளிப் பெய்தாலும் வெள்ளம் வரும்.

டூசானிலிருந்து பக்கத்தில் சாந்தா ரீட்டா மலை, யூனிட் 34ஏ. தெற்கே 36 வரிசை யூனிட்டுகள் எல்லையை ஒட்டியவை. கூஸ் மான் நன்றாக உண்டு, ஆனால் தனியாக இரவில் தங்காமல் இருப்பது நல்லது. கொரொனாடோ தேசியக் காடு பொது நிலம். மாநில அறக்கட்டளை நிலத்தில் வேட்டை உரிமம் கையில் இருந்தால் வேட்டைக்காகப் போகலாம். பழங்குடி நிலத்துக்கு அந்தந்த அரசின் அனுமதி வேண்டும், அரிசோனா உரிமம் அங்கே செல்லாது. எல்க் என்ற பெரிய மானினத்துக்குப் பிப்ரவரியில் குலுக்கல், அதற்குள் நீங்கள் மாநிலவாசி. வேட்டைக் கல்வி வகுப்பை இங்கே முடித்தால் எல்லா இனத்துக்கும் நிலையான ஒரு போனஸ் புள்ளி (குலுக்கலில் வாய்ப்பைக் கூட்டுவது) கிடைக்கும், இலையுதிர் காலத்திலேயே முடித்துவிடுங்கள்.

#13 ஓக்நிழல்

ஸ்டாண்டும் மூன்று கேமராவும் விற்பனைக்குப் போட்டுவிட்டேன். ஜூன் வரை மிச்சிகனிலேயே என்ன பயிற்சி செய்யலாம்? இங்கே மலையே இல்லை.

#14 சரிவுக்காவல்

மலை வேணாம். ரெண்டாவது மாடி பால்கனி, ஏரிக்கரை மேடு, எதாவது ஒரு பத்தடி உயரம் போதும். கீழ எய்யும்போது கையைத் தாழ்த்தாம இடுப்புல மடங்கணும், அதுக்குத்தான் பயிற்சி. மண்டியிட்டு, ஒரு பக்கமா உக்காந்து, முதுகைப் பாறையில சாய்ச்சு எய்யுங்க. ஒரு நாளைக்கு பன்னெண்டு அம்பு போதும், ஆனா ஒவ்வொண்ணுக்கும் இலக்குகிட்டப் போய்ட்டு வந்து புது இடத்துலேருந்து எய்யுங்க. முழுசா இழுத்து ஒரு நிமிஷம் வரைக்கும் பிடிச்சிருந்து அப்புறம் விடுறதையும் பழகுங்க. படுத்த மான் எழுந்திருக்கிறதுக்கும் திரும்புறதுக்கும் அவ்வளவு நேரம் ஆகும். 60 பவுண்டை அவ்வளவு நேரம் ஆடாம பிடிக்க முடியலேன்னா 55-க்கு இறக்குங்க, கூஸ் மானுக்கு அது தாராளம். பைனாகுலர் வந்ததும் வீட்டு ஜன்னல்லேருந்து தூரத்து வேலியோரத்தைப் பட்டைபட்டையா ஒரு மணி நேரம் பாருங்க, அணில் எத்தனைன்னு எண்ணுங்க.